பூ போன வழியில் வந்த பால்மரம்

1850ஆம் ஆண்டு லண்டனில் ‘கர்டிஸ் பொட்டானிகல் மேகசின்’ இதழில் ஒரு பூவின் வண்ணப்படம் வெளியானது. மெல்லிய நீண்ட குழல், நுனியில் விரிந்த ஐந்து இதழ்கள், வெள்ளை நிறம். பார்த்த மாத்திரத்தில் யாரும் மல்லிகை என்றுதான் சொல்வார்கள். க்யூ தாவரத் தோட்டத்தின் இயக்குநராக இருந்த வில்லியம் ஹூக்கர் அதற்கு வைத்த பெயரும் அதைத்தான் சொல்கிறது. ரோடோடென்ட்ரான் ஜாஸ்மினிஃப்ளோரம், அதாவது மல்லிகைப் பூ பூக்கிற ரோடோடென்ட்ரான். செடி எங்கிருந்து வந்தது என்ற இடத்தில் மலாக்காவின் மவுண்ட் ஓஃபிர் என்று இருந்தது.

மவுண்ட் ஓஃபிர் என்றால் நம்ம குனோங் லெடாங். இன்றைய ஜொகூரில், தங்காக் பக்கத்தில், 1,276 மீட்டர் உயரத்தில் நிற்கிற அதே மலை. தட்டுத் தட்டாகக் கொசு இதயம் கொண்டுவந்தால் கட்டிக்கொள்கிறேன் என்று சுல்தானுக்குச் சொல்லியனுப்பிய இளவரசியின் கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்த மலைதான்.

நான் சிவில் இன்ஜினியர். இங்கேயே உள்ள பல்கலைக்கழகத்தில் படித்தேன். மலைச்சாலைகளில் வெட்டிய சரிவுகள் சரிந்துவிடாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை. பூவுக்கும் எனக்கும் தொழில்முறையில் சம்பந்தம் இல்லை. ஆனால் வெறும் மண்ணும் பாறையுமாக நிற்கிற சரிவில், வேறெதுவும் முளைக்காத இடத்தில், பளபளப்பான தடித்த இலையோடு சின்னச் சின்னச் சிவப்புப் பூக்களை வைத்துக்கொண்டு ஒரு செடி நிற்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அதன் பெயரைத் தேடப் போனேன். தேடத் தேட அது என்னை லண்டன் கண்ணாடி வீட்டுக்குக் கூட்டிப்போனது. அங்கிருந்து கோல கங்சாருக்கு. அங்கிருந்து என் தாத்தா மரம் சீவிய தோட்டத்துக்கு.

ஒரு பேரினத்தின் பெயர்க் குழப்பங்கள்

முதலில் பெயர். வீட்டில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது பாட்டி கேட்டார், “ரோடோவா? ரோட்டோரமா பூக்குற பூவாடா?” என் விஷயத்தில் அது உண்மைதான். ஆனால் ரோடான் என்றால் கிரேக்கத்தில் ரோஜா, டென்ட்ரான் என்றால் மரம். ரோஜா மரம். ரோஜாவுக்கும் இதற்கும் உறவு ஒன்றும் கிடையாது. பெயர் வைத்தவர்களுக்கு அந்தச் சிவப்பு ரோஜாவை ஞாபகப்படுத்தியிருக்கிறது, அவ்வளவுதான்.

1753இல் லின்னேயஸ் தாவரங்களுக்கு முறையாகப் பெயர் சூட்டியபோது ரோடோடென்ட்ரானையும் அசேலியாவையும் இரண்டு தனிப் பேரினங்களாகப் பிரித்தார். அவர் பிரதானமாக எண்ணியது மகரந்தத்தாள்களை. பொதுவாக அசேலியாவுக்கு ஐந்து, ரோடோடென்ட்ரானுக்குப் பத்து. இந்தக் கணக்கு நிற்கவில்லை. புதுச் செடிகள் வர வர, ஏழு உள்ளதும் எட்டு உள்ளதும் வந்தன. 1796லேயே சாலிஸ்பரி என்பவர் இரண்டும் ஒன்றுதான் என்று எழுதிவிட்டார். அது எல்லாராலும் ஏற்கப்படப் பல காலம் ஆனது. கேமரன் மலைக்குப் போகிறவர்கள் தொட்டியோடு வாங்கிவருகிற அசேலியாவும் இன்றைய கணக்கில் ரோடோடென்ட்ரான்தான்.

இதில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. லின்னேயஸ் ஓர் அசேலியாவுக்கு ‘இண்டிகா’ என்று பெயர் வைத்தார். அந்தச் செடியின் சொந்த ஊர் ஜப்பான். அன்றைய ஐரோப்பாவில் கிழக்கிலிருந்து கப்பலில் வந்தது எல்லாமே ஏதோ ஒரு வகையில் ‘இந்தியா’தான். இன்றைக்கும் பூக்கடைகளில் ‘இந்திய அசேலியா’ என்று விற்கப்படுபவை பெரும்பாலும் சீனத்து இனம் ஒன்றிலிருந்து பெல்ஜியத்தில் கலந்து உருவாக்கியவை. பிறந்த இடம் ஒன்று, பதிவேட்டில் எழுதிய இடம் இன்னொன்று. அடையாள அட்டையில் ‘இந்தியர்’ என்று எழுதப்பட்டு, இந்தியாவையே பார்க்காமல் வாழ்ந்து முடித்த குடும்பங்களில் இருந்து வருகிற எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது.

இன்று ரோடோடென்ட்ரான் என்ற பேரினத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. இமயமலையும் தென்மேற்குச் சீனாவும் அவற்றின் பெரிய வீடு. நேப்பாளத்தின் தேசியப் பூவான லாலிகுராஸ் இந்த வகைதான். ஐரோப்பாவில், வட அமெரிக்காவில், ஜப்பானில் உண்டு. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் தானாக வளர்வது ஒன்றுகூட இல்லை. தமிழ் பேசுகிற பகுதிகளில் பார்த்தால் நீலகிரியின் உச்சிப் புல்வெளிகளிலும் பழனி மலையிலும் சிவப்பாகப் பூக்கிற மரம் உண்டு. இலங்கையில் நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் அதன் நெருங்கிய சொந்தம் இருக்கிறது. இமயத்திலிருந்து நீலகிரிக்கு நடுவே இரண்டாயிரம் கிலோமீட்டர் வெயில் நிலம் கிடக்கிறது. பூமி இன்னும் குளிர்ந்திருந்த பனிக்காலங்களில் இவை தாழ்ந்த மலைகளிலும் வளர்ந்து தெற்கே வந்திருக்க வேண்டும், சூடு ஏற ஏற உச்சிகளுக்கு ஏறி அங்கேயே தனித்துவிட்டன என்பது தாவரவியலாளர்கள் தருகிற விளக்கம்.

நம் மலைகளின் தனிக் கிளை

ஆனால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இனங்கள் நம் பக்கத்தில் இருக்கின்றன. மலாய் தீபகற்பம், சுமத்ரா, ஜாவா, போர்னியோ, பிலிப்பீன்ஸ், எல்லாவற்றையும் விட அதிகமாக நியூகினி. கிழக்கே போய் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மலைகள் வரைக்கும். இந்தக் கூட்டத்துக்கு விரேயா என்று பெயர்.

இதில் முதலில் அறிவியல் பெயர் பெற்றவற்றில் ஒன்று ரோடோடென்ட்ரான் மலாயானம். ராஃபிள்ஸோடு இந்தப் பக்கம் வந்த வில்லியம் ஜாக் என்ற ஸ்காட்லாந்துக்கார மருத்துவர் 1822இல் எழுதியது. பெயரில் மலாயா இருந்தாலும் அவர் அதைப் பார்த்தது சுமத்ராவின் பெங்கூலன் பக்கத்து மலையில். நான்கு வருஷம் கழித்து, ஜாவாவில் வேலை பார்த்த கார்ல் புளூமே இதே மாதிரியான செடிகளைப் பார்த்துவிட்டு, இவை ரோடோடென்ட்ரானே இல்லை, வேறு பேரினம் என்று முடிவுசெய்தார். வைரே என்ற பிரெஞ்சு இயற்கையியலாளரின் நினைவாக ‘விரேயா’ என்று பெயர் வைத்தார். பிறகு வந்தவர்கள் அதை மறுபடியும் ரோடோடென்ட்ரானுக்குள் சேர்த்தார்கள். ‘விரேயா’ மட்டும் ஓர் உட்பிரிவின் பெயராக ஒட்டிக்கொண்டது. இருபதாம் நூற்றாண்டில் ஹெர்மன் ஸ்லூமர் என்பவர் இவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்தி, 1966இல் ‘ஃப்ளோரா மலேசியானா’ வரிசையில் ஒரு பெரிய கணக்கெடுப்பாகவே எழுதினார்.

புளூமே வேறாகப் பார்த்ததற்குக் காரணம் இருந்தது. விரேயாக்களில் பல தரையில் வளர்வதில்லை. பாசி மூடிய மரக்கிளையில், ஆர்க்கிட் மாதிரி ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. விதை தூசி போல இருக்கும், அதன் இரண்டு முனையிலும் நூல் போன்ற வால். காற்று தூக்கிக்கொண்டு போய் இன்னொரு கிளையில் ஒட்டவைக்க அந்த வால் போதும். இலையின் அடியில் நுண்ணிய செதில்கள். செதில் உள்ளவை, செதில் இல்லாதவை என்பது ரோடோடென்ட்ரான் குடும்பத்தை இரண்டாகப் பிரிக்கிற பழைய கோடு. பின்னால் டிஎன்ஏ பார்த்தபோதும் விரேயா அந்தச் செதில் உள்ள கூட்டத்துக்குள்தான் வந்து நின்றது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் தீபகற்பத்தின் நடு மலைத்தொடரில் இரண்டு கிளைகளும் இருக்கின்றன. ரோடோடென்ட்ரான் ரேயி என்று ஒரு மரம். பேராக் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த லியோனார்ட் ரே என்பவரின் பெயர் அது. அதற்குச் செதில் கிடையாது, அதன் சொந்தபந்தம் எல்லாம் வடக்கே இமயம், சீனா பக்கம். அதே மலைத்தொடரில் மலாயானமும் ஜாஸ்மினிஃப்ளோரமும் உண்டு. அவற்றின் சொந்தங்கள் தெற்கே ஜாவா, கிழக்கே போர்னியோ. வடக்கிலிருந்து வந்த வரிசையின் கடைசி ஆட்களும் தீவுகளின் வரிசையைச் சேர்ந்தவர்களும் நம் மலையில் பக்கத்துப் பக்கத்து வீடு.

கண்ணாடி வீட்டு இளவரசிகள்

லெடாங்கின் மல்லிகையை இங்கிலாந்துக்கு அனுப்பியவர் தாமஸ் லாப். கார்ன்வாலில் பிறந்தவர். எக்ஸெட்டரில் இருந்த வீச் என்ற நாற்றுப்பண்ணைக் குடும்பம் அவரை 1843இல் செடி தேட இந்தப் பக்கம் அனுப்பியது. அது வியாபாரம். புதிதாக ஒரு செடியைக் கொண்டுவந்து பூக்கவைத்தால் பணக்காரர்கள் என்ன விலையும் கொடுத்து வாங்குகிற காலம்.

அந்த வியாபாரத்தைச் சாத்தியமாக்கியது ஒரு பெட்டி. லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்ட் கண்டுபிடித்த, கண்ணாடி பதித்த மூடிய மரப்பெட்டி. உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி, கண்ணாடியில் பட்டு, மறுபடியும் மண்ணுக்கே இறங்கும். கப்பல் மேல்தட்டில் வெளிச்சத்தில் வைத்துவிட்டால் மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்றாமல் செடி பிழைத்துக்கொள்ளும். உப்புக்காற்றும் படாது. அதற்கு முன்னால் அனுப்பிய செடிகளில் பெரும்பகுதி வழியிலேயே செத்துப்போயின. இந்தப் பெட்டியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வரும்.

இமயமலை ரோடோடென்ட்ரான்கள் இங்கிலாந்தின் குளிரைத் தாங்கும். வெளியிலேயே நடலாம். நம் செடிகள் தாங்காது. அவற்றுக்குக் கண்ணாடி வீடு கட்டி, நிலக்கரி எரித்து, குழாயில் வெந்நீர் ஓடவிட்டு, வருஷம் முழுக்க நம் மலையின் தட்பவெப்பத்தை உண்டாக்க வேண்டும். இவ்வளவு செலவு எதற்கு? நம்ம ஊரில் வசந்தம், குளிர் என்று பருவம் கிடையாது. அதனால் இந்தச் செடிகள் பூப்பதற்கும் மாதக் கணக்கு கிடையாது. வெளியே பனி கொட்டும்போதும் உள்ளே பூக்கும். அதற்குத்தான் காசு.

வீச் பண்ணை ஜாஸ்மினிஃப்ளோரத்தை ஜாவாவின் ஆரஞ்சு நிற ஜாவானிக்கத்தோடு சேர்த்தது. பிறந்த செடிக்கு ‘பிரின்சஸ் ராயல்’ என்று பெயர். அதை மறுபடியும் ஜாஸ்மினிஃப்ளோரத்தோடு சேர்க்க ‘பிரின்சஸ் அலெக்ஸாண்ட்ரா’ வந்தது. கணக்குப் போட்டால் அந்த இளவரசியின் உடம்பில் முக்கால் பங்கு மல்லிகை ரோடோடென்ட்ரான். ஒரு லெடாங் இளவரசி கதையிலே இருக்க, இன்னொருத்தி லண்டன் போய்ப் பட்டம் வாங்கிக்கொண்டாள். ஏழெட்டு மூல இனங்களை வைத்துக்கொண்டு அடுத்த நாற்பது வருஷத்தில் நூற்றுக்கணக்கான கலப்பினங்களை உண்டாக்கினார்கள். ஜான் ஹீல் என்ற பணியாளரின் கையில்தான் அதில் பெரும்பகுதி நடந்தது. எல்லாவற்றுக்கும் ‘ஜாவா ரோடோடென்ட்ரான்’ என்று பொதுப்பெயர். மலாயாவும் போர்னியோவும் சுமத்ராவும் அந்த ஒரு சொல்லுக்குள் மறைந்துபோயின.

வீச்சுக்காகச் சுமத்ராவில் செடி தேடியவர்களில் சார்ல்ஸ் கர்டிஸ் ஒருவர். முன்னால் சொன்ன இதழின் கர்டிஸ் வேறு, இவர் வேறு. இவர் 1884இல் அந்த வேலையை விட்டுவிட்டுப் பினாங்கு தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்றார். அருவிப் பக்கம் இன்று நாம் நடைப்பயிற்சி போகிற தோட்டம் அவர் கையில் உருவானதுதான்.

அந்த மோகம் நீடிக்கவில்லை. யுன்னான், திபெத் எல்லையிலிருந்து குளிர் தாங்குகிற புது இனங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. 1914இல் வீச்சின் செல்சீ பண்ணை மூடப்பட்டது. அதே வருஷம் போர். கண்ணாடி வீடுகளுக்கு நிலக்கரியும் இல்லை, அடுப்பைக் கவனிக்க ஆளும் இல்லை. கலப்பினங்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. இன்று ஒரு கைப்பிடி மிஞ்சியிருக்கிறது. அலெக்ஸாண்ட்ரா அதில் ஒன்று. விதையில் வந்த பேத்தி இல்லை அது. கிளையை வெட்டி வெட்டி வேர் பிடிக்க வைத்ததால், நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலாக உயிரோடிருக்கிற அதே செடி.

ஹியூ லோ

இங்கேதான் என் தாத்தா வருகிறார். அதற்கு முன்னால் ஹியூ லோ வரவேண்டும்.

லோவின் அப்பாவும் லண்டனில் நாற்றுப்பண்ணை வைத்திருந்தவர். இருபது வயதில், 1844இல், அப்பாவின் பண்ணைக்குச் செடி சேர்க்கப் போர்னியோ வந்தார் லோ. சரவாக்கை ஆண்ட ஜேம்ஸ் புரூக்கோடு பழக்கமாகி, தான் கண்ட ஒரு ரோடோடென்ட்ரானுக்குப் புரூக்கின் பெயரையே வைத்தார். ரோடோடென்ட்ரான் புரூக்கியானம். 1851இல் கினாபாலு மலை ஏறினார். ஏறியதாக எழுத்தில் பதிவான முதல் மனிதர் அவர். வழி காட்டிய, சுமை தூக்கிய டூசுன் மக்களுக்கு அந்த மலை முன்னோர்களின் ஆவி தங்குகிற இடம். 4,095 மீட்டர் உச்சிக்கு இன்று லோ சிகரம் என்று பெயர். ஆனால் அந்தச் சிகரத்தில் லோ நிற்கவே இல்லை. அதில் முதலில் நின்றதாகப் பதிவானவர் ஜான் வைட்ஹெட், 1888இல்.

கினாபாலுவில் ஏறக்குறைய 25 வகை ரோடோடென்ட்ரான் இருக்கிறது. நான் ஏறியபோது மழை. எல்லாரும் உச்சிச் சூரிய உதயத்துக்காக மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார்கள். எனக்கு வழி காட்டிய உள்ளூர்க்காரர் நடுவழியில் நிறுத்தி, மஞ்சளாகக் கையளவு பூத்திருந்த ஒன்றைக் காட்டினார். ரோடோடென்ட்ரான் லோவி. இன்னும் மேலே ஏறினால், மரங்கள் குட்டையாகிற இடத்தில், சின்ன இலையும் சிவப்புப் பூவுமாக பக்ஸிஃபோலியம். அதற்கும் மேலே பாறை இடுக்கில் ஊசி போன்ற இலையோடு எரிக்காய்டஸ். இந்தக் கடைசிச் செடி உலகத்திலேயே இந்த ஒரு மலையில் மட்டும்தான் இருக்கிறது.

இதே ஹியூ லோ 1877இல் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்டாக வந்தார். இருப்பிடம் கோல கங்சார். அதற்கு முந்தைய வருஷம் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளை க்யூ தோட்டத்துக்குக் கொண்டுபோயிருந்தார். முளைத்தது மூவாயிரத்துக்கும் குறைவு. அந்தக் கன்றுகளைக் கிழக்கே எப்படி அனுப்புவது? வார்ட் பெட்டிதான். முதலில் இலங்கைக்கு, பிறகு 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்துக்கு. அதிலிருந்து சில கோல கங்சாருக்குப் போயின. லோ தன் வீட்டுத் தோட்டத்தில் நட்டு வளர்த்தார். அந்தக் காலத்து மரம் என்று ஒன்று இன்றும் கோல கங்சாரில் வேலி போட்டு நிற்கிறது.

மலையிலிருந்து பூச்செடிகள் லண்டன் கண்ணாடி வீட்டுக்குப் போயின. லண்டன் கண்ணாடி வீட்டிலிருந்து பால்மரம் மலையடிவாரத்துக்கு வந்தது. ஒரே மாதிரிப் பெட்டி, ஒரே கடல்வழி, சில சமயம் ஒரே கை. சிங்கப்பூரில் 1888இல் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கிற முறையைக் கண்டுபிடித்து, கண்ட துரைமார் கையிலெல்லாம் ரப்பர் விதையைத் திணித்தார். அவரே பின்னாளில் மலாய் தீபகற்பத்தின் தாவரங்களை ஐந்து பாகமாக எழுதினார். நம் ரோடோடென்ட்ரான்களின் பட்டியலும் அதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்தது நம் வீட்டுக் கதை. கரும்புக்கும் காப்பிக்கும் ஏற்கெனவே தமிழர்களைக் கொண்டுவந்திருந்தார்கள். மோட்டார் கார் ஓட ஆரம்பித்து ரப்பர் விலை ஏறிய பிறகு அந்த வரத்து பல மடங்கானது. கங்காணி ஊருக்குப் போய் ஆள் பிடித்துவந்தான். என் தாத்தாவின் அப்பா அப்படி வந்தவர். தாத்தா விடியற்காலை நாலு மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கித்தாக் காட்டுக்குப் போனவர். “மரம் நம்மள விட மூத்தது, மரியாதையா வெட்டணும்” என்பார். அந்த மரம் நம்மைவிட அதிகம் மூத்தது இல்லை தாத்தா, அதுவும் கப்பலில் வந்ததுதான் என்று அவரிடம் சொல்ல இன்று அவர் இல்லை.

யார் பெயர், யார் ஊர்

புரூக்கியானம், லோவி, ரேயி. செடிகளின் பெயரை வரிசையாகப் படித்தால் காலனியாதிக்க அதிகாரிகளின் வருகைப் பதிவேடு மாதிரி இருக்கும். சுமை தூக்கியவர்களும் எந்த மரத்தில் எது பூக்கும் என்று காட்டிக்கொடுத்தவர்களும் அதில் இல்லை. கித்தா மரங்களை வளர்த்தவர்களின் பெயர் தோட்டங்களுக்கு வைக்கப்படாத மாதிரியே. ஆனால் அது அப்படியே முடிந்துவிடவில்லை. சபா பூங்காக்களின் இயக்குநராக இருந்த லம்ரி அலியின் பெயரில் ரோடோடென்ட்ரான் லம்ரியாலியானம் என்று ஓர் இனம் இருக்கிறது. சபாவின் இனங்களைப் பதிவுசெய்தவர்களில் எடின்பரோவைச் சேர்ந்த ஜார்ஜ் ஆர்ஜென்ட் முக்கியமானவர். இன்று விரேயாக்களின் மிகப் பெரிய தொகுப்புகளில் ஒன்று எடின்பரோ தாவரத் தோட்டத்தில்தான் இருக்கிறது. பூ இன்னும் கண்ணாடி வீட்டில்தான் பத்திரமாக இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தோஷமும் வருத்தமும் சரிபாதி.

யார் சொந்தம், யார் வந்தேறி என்ற பேச்சு நம் நாட்டில் தேர்தலுக்குத் தேர்தல் வரும். கினாபாலுவின் கருங்கல் உருவாகி 70, 80 லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. மலைகளின் கணக்கில் அது குழந்தை. அங்கே மட்டுமே வாழ்கிற உயிரினங்களை ஆராய்ந்து 2015இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. பெரும்பாலானவை அந்த மலையைவிட வயதில் சிறியவை. ஒரு பகுதி அடிவாரத்திலிருந்து மேலே ஏறியவை. இன்னொரு பகுதி தூரத்துக் குளிர் மலைகளிலிருந்து வந்து தங்கியவை. அங்கே மட்டுமே இருக்கிற உயிர்களுக்கும் ஒரு வந்த கதை இருக்கிறது. வந்த பிறகு அந்த மண்ணுக்கு ஏற்றபடி மாறி, வேறெங்கும் இல்லாத ஒன்றாக ஆனதால்தான் அவை அந்த மலைக்குச் சொந்தமாயின. இதை அரசியல் வாதமாக எடுத்துக்கொண்டு மேடையேற நான் சொல்லவில்லை. செடியின் கதை செடியின் கதைதான். ஆனால் ஒரு சொல்லை நம் மேல் எறியும்போது, அந்தச் சொல்லுக்கு எவ்வளவு காலம் தாங்கும் என்று கேட்டுப்பார்க்க இது உதவும்.

சரிவில் நிற்கிற செடி

இந்தச் செடிகளை வளர்க்க முடியுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். முடியும், ஆனால் எல்லாவற்றையும் இல்லை. மலையுச்சி இனங்களுக்கு இரவில் குளிர் வேண்டும். கிள்ளான் வெயிலில் அவை வேர் வெந்து சாகும். தாழ்நில இனங்களான லாங்கிஃப்ளோரம், புரூக்கியானம் மாதிரியானவை ஓரளவு பிழைக்கும். முக்கியமானது வேர். மயிரிழை போன்ற வேர்கள், மரப்பாசிக்குள் காற்றோடு பழகியவை. தோட்ட மண்ணில் நட்டால் மூச்சு முட்டிவிடும். மரப்பட்டை, தேங்காய் மட்டைத் துண்டு, கொஞ்சம் கரி, இதுதான் அதற்கு மண். தண்ணீர் வரவேண்டும், நிற்கக் கூடாது. மலைச்சரிவுக்கும் எங்கள் துறையில் இதுதான் விதி. தண்ணீர் நின்றால் சரிவு போய்விடும்.

அதனால்தான் வெட்டிய சரிவில் மலாயானம் முளைக்கிறது. வடிகால் உள்ள, வெளிச்சமான, சத்தில்லாத இடம். மற்ற செடிகள் வேண்டாம் என்று விட்டது. காற்றில் வால் விதை வந்து ஒட்டிக்கொள்கிறது. பராமரிப்பு வரும்போது முதலில் போவதும் அதுதான். சரிவைப் பரிசோதிக்க வசதியாக எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, வெளியூர்ப் புல் விதையைத் தெளித்துவிட்டுப் போவார்கள். உலகத்து ரோடோடென்ட்ரான் வகைகளில் ஏறக்குறைய கால் பங்கு அழிவின் ஆபத்தில் இருப்பதாக 2011இல் வெளியான சிவப்புப் பட்டியல் சொல்கிறது. மலாயானம் பரவலாக வளர்கிற செடி, அதற்கு இன்றைக்கு அந்த ஆபத்து இல்லை. மலையுச்சிச் செடிகளுக்கு உண்டு. சூடு ஏறினால் அவை இன்னும் மேலே ஏற வேண்டும். ஏற மலை இல்லை.

நம் இலக்கியத்தில் பால்மரம் இருக்கிறது. அகிலன் இங்கே வந்துபோய் எழுதிய நாவலின் தலைப்பிலேயே இருக்கிறது. நம் எழுத்தாளர்களிடம் இன்னும் அதிகமாக இருக்கிறது. செம்பனை வந்துவிட்டது, அடுக்குமாடி வந்துவிட்டது. தோட்டத்துக்குப் பின்னால் எப்போதும் நீலமாகத் தெரிந்த மலையில் என்ன பூக்கிறது என்பது, நான் படித்தவரைக்கும், அதிகம் வரவில்லை. குறை சொல்லவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து மரம் சீவியவர்களுக்கு மலையேறிப் பூப் பார்க்க நேரம் ஏது? நேரம் நமக்கு இருக்கிறது. சனி, ஞாயிறு ஆனால் லெடாங்கும் ஈராவும் ஏறுகிறோம், உச்சியில் படம் எடுக்கிறோம், இறங்குகிறோம்.

எங்கள் பரிசோதனைப் படிவத்தில் சரிவில் உள்ள செடிகொடிகளுக்கு என்று ஒரு கட்டம் உண்டு. வழக்கமாக ‘புதர், அகற்றவும்’ என்று எழுதுவோம். போன மாதம் ஒரு சரிவில் அந்தச் சிவப்புப் பூ நின்றது. வேர் ஆழமில்லை, பாறையை அது ஒன்றும் செய்யப்போவதில்லை. குத்தகைக்காரரின் மேலாள் பக்கத்தில் வந்து நின்று, “என்ன செடி சார் அது, விலை போகுமா?” என்றார். “ஒரு காலத்துல போச்சு” என்றேன். அந்தக் கட்டத்தில் ‘ரோடோடென்ட்ரான் மலாயானம், ஏழு செடி, சரிவுக்குப் பாதிப்பு இல்லை, விட்டுவிடவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.